கண்ணாடி மேஜையில் ஒரு சுண்டு

கோவில்பட்டியில் செல்போன் சர்வீஸ் கடை போட்ட புதிதில், பேட்டரியைச் சோதிக்க எனக்கு மீட்டர் தேவைப்படவில்லை. கடையின் கண்ணாடி மேஜை போதும். நோக்கியா 1100 காலம் அது. "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்று யாராவது வந்தால், பிஎல்-5சி பேட்டரியைக் கழற்றிக் கண்ணாடியில் வைத்து ஒரு சுண்டு சுண்டுவேன். நல்ல பேட்டரி உடனே நின்றுவிடும். உப்பியது பம்பரமாகச் சுற்றும். சுற்றினால் மாற்ற வேண்டியதுதான். உள்ளே இருக்கும் மின்பகு திரவம் சூட்டிலும் வயதிலும் சிதைந்து வாயுவாவதால் வரும் உப்பல் அது.

2007 ஆகஸ்டில், ஜப்பானின் மட்சுஷிடா தயாரித்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. அதன் பிறகுதான் ஜனங்கள் பேட்டரியைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்த எண்ணைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரிஜினல், டூப்ளிகேட் என்ற பேச்சும் கூடியது.

அந்த நாளில் நான் செய்த ஒரு வேலையை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்கும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து செத்துப்போன பேட்டரிக்கு 'பூஸ்ட்' கொடுப்பேன். பவர் சப்ளையின் இரண்டு ஒயரையும் நேராகப் பிடித்தால் உயிர் வந்துவிடும். இருபது ரூபாய் வாங்குவேன். லித்தியம் செல் நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்கும் கீழே ரொம்ப இறங்கி அப்படியே கிடந்தால் உள்ளே செம்புத் தகடு கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு ஆகாத இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம். அதனால்தான் பேட்டரித் தலையிலுள்ள குட்டி போர்டு இணைப்பை அறுத்துவிடுகிறது. அது போட்ட பூட்டை உடைப்பதற்கு நான் கூலி வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிய போன்கள் வந்தன. ஒருநாள் அவசரத்தில் இரும்புப் பட்டையால் நெம்பினேன். முனை குத்திவிட்டது. 'புஸ்' என்று ஒரு சத்தம், கடை முழுக்க வெள்ளைப் புகை. தெருவில் வீசினேன், அங்கே கிடந்தும் எரிந்தது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் எதிர்வீட்டு மணலை அள்ளிக் கொட்டினார். மறுநாள் காலையில் ஒரு வாளி மணலோடு வந்து நின்றார். "எங்க ஆபீஸ்ல வாசலுக்கு வாசல் இது இருக்கும் தம்பி. நெருப்ப வச்சுப் பொழைக்கிற நீ ஒண்ணுகூட வைக்கலியே?" வாளி இன்னும் என் காலடியில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பட்டைக்கும் மாறிவிட்டேன்.

ராத்திரி முழுக்க சார்ஜ் போடலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும், சரி. ஆனால் தலையணைக்கு அடியில் வைத்தால் சூடு போக வழி ஏது? ஆப்பிள் தன் போன்களைச் சுற்றியுள்ள சூடு 0 முதல் 35 டிகிரி வரை இருக்கும் இடத்தில்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. நம் சித்திரை வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப் ஓடவிட்டு, சார்ஜும் போட்டுக்கொண்டு போகிறவர்களை என்ன சொல்ல? பூஜ்யம் வரை இறக்கி ஏற்றும் பழக்கமும் போகவில்லை. நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன வைத்தியம் அது, லித்தியத்துக்கு ஆகாது.

போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். பின்மூடி விலகி நின்றது, மேலே ரப்பர் பேண்ட்.

"பசை விட்டுப்போச்சு அண்ணே, ஒட்டிக் குடுங்க."

ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, போனைக் கண்ணாடியில் மல்லாக்க வைத்து மெதுவாகச் சுண்டினேன். போனே சுற்றியது.