நாலுக்கு அப்புறம் மறுபடியும் ஒண்ணு

தைக் கார்த்திகையன்று குன்றக்குடியில் பால்குடம் செலுத்திவிட்டு வந்தோம். வந்து மூன்று நாளாகியும் மனசு மலைமேலேயே இருக்கிறது. எழுதி வைக்காவிட்டால் தாங்காது என்றுதான் உட்கார்ந்தேன். வரிசையாகச் சொல்ல வருமா தெரியவில்லை. முருகன்தான் எழுத வைக்க வேண்டும்.

தம்பி என்று நான் சொல்வது என் மூத்த மகனை. காரைக்குடிப் பக்கம் பெற்ற பிள்ளையையே தம்பி என்று கூப்பிடுவதுதான் வழக்கம். 2023 நவம்பரில் ஒரு ராத்திரி, வேலை முடிந்து பைக்கில் வந்தவன் திருச்சி - ராமேஸ்வரம் சாலையில் குறுக்கே வந்த மாட்டின் மேல் மோதி விழுந்தான். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த பைக், முதல் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவன் அப்பா வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு அப்புறம் அவர் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கொப்புடையம்மனைப் பார்த்துவிட்டு வருகிற மனிதர், தெப்பக்குளக் கரை வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

பின்னால் வந்த ஒரு லாரிக்காரர்தான் 108-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. குன்றக்குடியில் அவருக்கும் ஒரு அர்ச்சனை செய்தேன். பேரும் நட்சத்திரமும் தெரியாததால், சாமி பேருக்கே செய்யுங்கள் என்றேன். குருக்கள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

காரைக்குடியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு 85 கிலோமீட்டர் இருக்கும். அந்த ராத்திரி அது முடியவே முடியாத சாலையாக இருந்தது. கண்ணைத் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் பார்த்து 15-க்கு மதிப்பெண் போடுவார்களாம். ஒன்றுமே இல்லையென்றாலும் 3 உண்டு. தம்பிக்கு 5 என்றார்கள். மூளையின் இடது பக்கம் ரத்தம் கட்டியிருந்தது. மறுநாள் எடுத்த இரண்டாவது ஸ்கேனில் வீக்கம் கூடியிருக்கிறது, மூளை வீங்குவதற்கு இடம் கொடுக்க வேண்டும், தலையோட்டில் ஒரு பகுதியை எடுக்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். எடுத்த எலும்பை அவன் வயிற்றிலேயே தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்களாம், பிறகு எடுத்துப் பொருத்த. பெற்ற வயிறு அதைக் கேட்டுக்கொண்டு எப்படி நின்றதோ.

அன்றைக்குச் சூரசம்ஹாரம். காத்திருக்கிற இடத்தில் இருந்த டிவியில் திருச்செந்தூர் கடற்கரையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் குறைத்து வைத்திருந்தது. அத்தனை லட்சம் ஜனமும் வாயைத் திறந்து அரோகரா என்பது தெரிகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே என் பிள்ளையின் தலை திறந்து கிடக்கிறது. அந்த நேரம்தான் வேண்டிக்கொண்டேன். “குன்றக்குடி முருகா, என் பிள்ளை தன் காலால் நடந்து உன் படி ஏறட்டும். நான் பால்குடம் தூக்கி அவன் பின்னால் வருகிறேன்.” என் மாமியார், பிள்ளைகளுக்கு அப்பத்தா, முந்தானையில் ஒரு மூலையைக் கிழித்து மஞ்சள் தடவி ஒரு ரூபாயை முடிந்தார். மடியில் எப்போதும் வைத்திருக்கிற குன்றக்குடி விபூதிப் பொட்டலத்தை நர்ஸம்மா கையில் கொடுத்தார். “காயத்துகிட்ட வைக்கக் கூடாதும்மா” என்று சொன்ன அந்தப் பெண், கால்மாட்டில் போர்வைக்கடியில் வைத்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ நல்லா இருக்கணும் தாயி.

பெரிய மருதுவுக்கு முதுகில் ராஜபிளவை என்கிற பெரிய கட்டி வந்து, எந்த வைத்தியத்துக்கும் ஆறாமல், குன்றக்குடி விபூதியில் ஆறிய கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த நன்றியில்தான் மருது சகோதரர்கள் இந்தக் கோயிலுக்கு அத்தனை திருப்பணி செய்தார்கள் என்பார்கள். அப்பத்தா அந்தக் கதையைத் தம்பிக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, அந்த வராந்தாவில் எனக்குச் சொன்னார். கதை கேட்கிற பிள்ளை மாதிரி நானும் ‘ம்’ கொட்டினேன்.

அதற்கப்புறம் வந்த மாதங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொண்டையில் துளை. மூக்கில் குழாய். படுக்கைப்புண் வராமல் இருக்க ராப்பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதல் 48 மணி நேரத்துக்கு அரசாங்கத்தின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் கை கொடுத்தது. பிறகு என் கழுத்து, காது எல்லாம் போயிற்று, போகட்டும். நாலாவது மாதம் வயிற்றில் இருந்த எலும்பைத் திரும்பத் தலையில் பொருத்தினார்கள். விழுங்கப் பழக்கும்போது தண்ணீர்தான் கடைசி, தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும், முதலில் கெட்டியாக ஏதாவது கொடுங்கள் என்றார் பயிற்சி கொடுத்த பெண். அப்பத்தா கேழ்வரகைக் கட்டியில்லாமல் காய்ச்சிக் கரண்டி நுனியில் வைத்து ஊட்டினார். முதல் வாய் உள்ளே இறங்குவதற்குள் எங்கள் எல்லாருக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு வரவில்லை. ஆனால் பாருங்கள், ‘அம்மா’ என்று சொல்ல முடியாதவன், அப்பத்தா விளக்கேற்றி “வெற்றிவேல் முருகனுக்கு” என்றதும் படுத்த படுக்கையில் “அரோகரா” என்றான். தெளிவாக. நான் கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டேன். அடிபட்ட மூளையில் பேச்சு போனாலும், சின்ன வயதிலிருந்து வாயில் ஊறின பாட்டும் சாமி பேரும் வேறு வழியாக வருவது உண்டு என்று பேச்சுப் பயிற்சியாளர் பிறகு விளக்கினார். அவர் சொன்னது சத்தியம். அந்த வேறு வழியை வைத்தவன் யார் என்பது எனக்குத் தெரியும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். விடியற்காலையிலேயே கொப்புடையம்மன் வாசலில் ஒரு சூடம் ஏற்றிவிட்டு, வாடகைக் காரில் முதலில் பிள்ளையார்பட்டி. தந்தையைக் கேட்காமல் தனயனிடம் போகலாம், அண்ணனைக் கேட்காமல் தம்பியிடம் போகக் கூடாது என்பார் அப்பத்தா. கற்பக விநாயகர் அந்தக் குடைவரைக்குள் இரண்டே கையோடு, துதிக்கையை வலப்பக்கம் சுழித்து, பாறையும் அவரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார். தம்பியை முன்னால் நிறுத்தினோம். அவனுக்காகத் தினமும் போட்ட தோப்புக்கரணத்தை அவன் தங்கை அங்கேயும் போட்டாள். என் வீட்டுக்காரர் காரிலேயே இருந்துகொண்டார். நானும் கூப்பிடவில்லை.

வழியில் ஒரு கோயில் வாசலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எந்தக் கோயில் என்பது வேண்டாம். கார் கதவைத் திறப்பதற்குள் நாலு பேர் அர்ச்சனைத் தட்டோடு சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் தம்பியின் தலைத் தழும்பைப் பார்த்ததும், “இதுக்கு ஒரு பரிகாரம் இருக்கு, மூவாயிரம் ஆகும், வரிசையில நிக்காம உள்ளே கூட்டிட்டுப் போறேன்” என்று அவன் கையையே பிடித்துவிட்டார். பிடித்தது வலது கை. தம்பி வலியில் கத்தினான். கஷ்டத்தோடு வருகிறவர்களின் நெற்றியைப் பார்த்து விலை போடுகிறார்களே, இவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்தானே. இறங்காமல் காரிலிருந்தே கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

குன்றக்குடி அடிவாரத்துக்குப் போனால் ஜன சமுத்திரம். கார்த்திகைக் கூட்டத்தோடு, தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற பாதயாத்திரைக்காரர்களும் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாகச் சேர்ந்துகொண்டார்கள். தலையில் அடிபட்டவர்களுக்குச் சத்தம் ஆகாது. நாம் கேட்டும் கேட்காமல் விடுகிற அத்தனை சத்தமும் அவர்களுக்கு ஒரே நேரத்தில் உள்ளே போகும். தம்பி காதில் பஞ்சு வைத்திருந்தேன். மேளம் பக்கத்தில் வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தலையில் பால்குடம். இறக்கவும் மனமில்லை, ஏறவும் தைரியமில்லை.

அப்போதுதான் காரில் இருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம்பியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். “வாப்பா, எண்ணிக்கிட்டே ஏறுவோம்” என்றார்.

எண்ணுவது அவனுக்குத் தினப் பாடம். பத்து வரை சொல்லிக்கொடுக்கிறோம், நாலோடு நின்றுவிடுவான். படியில் காலை வைத்தான். ஒண்ணு. வலது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ரெண்டு. மூணு. நாலு. நின்றான். யோசித்தான். அப்புறம் மறுபடியும் ஒண்ணு என்றான். அவன் அப்பாவும் ஒண்ணு என்றார். இப்படியே நாலு நாலாக அந்த மலை முழுக்க. பின்னால் குடத்தோடு நான். எனக்கு முன்னால் அந்த இரண்டு முதுகும் ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

பாதி மலையில், “என்னங்க, முருகன் சன்னதிக்குக் குடிச்சிட்டா வர்றது?” என்று ஒரு குரல் கேட்டது. தம்பியின் நடையும் குழறலும் பார்த்துச் சொன்னது. பதினைந்து மாதத்தில் இதைக் கேட்பது முதல் முறை இல்லை, பஸ்ஸிலும் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் நான்தான் சண்டைக்குப் போவேன். அன்றைக்கு அவன் அப்பா திரும்பி, கோபமே இல்லாமல், தம்பியின் தலைமுடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினார். “ஆக்ஸிடென்டுங்க. நான் வாங்கிக் கொடுத்த வண்டி” என்றார். அந்தப் பேச்சை அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன். சொன்னவர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் உச்சி வரைக்கும் அவரே முன்னால் போய், “பிள்ளை வருது, வழி விடுங்க” என்று விலக்கிவிட்டார். முருகன் யாரை எப்படி வேலை வாங்குகிறான் பாருங்கள்.

சன்னதியில் திரை போட்டிருந்தது. அலங்காரம் நடக்கிறது. கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது, குழந்தைகள் அழுகின்றன, குடத்துப் பால் வழிந்து என் கண்ணில் இறங்குகிறது. கேட்க வேண்டும் என்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். கை முழுசாக வர வேண்டும், பேச்சு வர வேண்டும், பழைய வேலை, ஒரு கல்யாணம். திரை விலகியது. மயில்மேல் ஆறு முகத்தோடு சண்முகநாதன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வள்ளியும் தெய்வானையும் தத்தம் மயிலில். தீபம் மேலே போகப் போக முகம் முகமாக வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. சேர்த்து வைத்ததில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. “வந்துட்டோம்ப்பா” என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். யாரோ “வெற்றிவேல் முருகனுக்கு” என்றார்கள். காதைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுத் தம்பி “அரோகரா” என்றான்.

குருக்கள் விபூதி கொடுத்தார். தம்பி எப்போதும் இடது கையைத்தான் நீட்டுவான், அதுதான் வேலை செய்கிற கை. அன்றைக்கு இடது கையை அப்பா பிடித்திருந்ததால் வலது கையை நீட்டினான். விரல் விரியவில்லை. குருக்கள் காத்திருந்தார். பின்னால் அத்தனை கூட்டம், அவர் அவசரப்படவில்லை. மெல்ல மெல்ல அந்தக் கை விரிந்தது. வாங்கினான். ஆடுகிற விரலால் ஒரு சிட்டிகை எடுத்தான், பாதி கீழே சிந்தியது. தன் நெற்றிக்கு என்று நினைத்தேன். அவன் அப்பாவின் பக்கம் திரும்பி, அவர் நெற்றியில் தேய்த்தான். கோடாக வரவில்லை. கண், மூக்கு எல்லாம் விபூதி. அவர் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நின்றார். தம்பி கையை எடுத்த பிறகும் நிமிரவில்லை. நகருங்க, நகருங்க என்று தள்ளிக்கொண்டு வந்த கூட்டம்தான் எங்களை வெளியே கொண்டுவந்து விட்டது.

எப்படி இறங்கினேன் என்பது நினைவில்லை. அடிவாரத்தில் மண்டபத்து நிழலில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, மகன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து ரூபாயைத் தம்பி கையில் வைத்து உண்டியலுக்குள் போடச் சொன்னார். மூன்று தடவை கீழே விழுந்தது. நாலாவது தடவை உள்ளே போயிற்று.

காரில் ஏறப்போகும்போது தம்பி நின்றுவிட்டான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “ஆனை” என்றான்.

சின்ன வயதில் குன்றக்குடி வந்தாலே அவனுக்குச் சுப்புலட்சுமிதான். வாழைப்பழம் கொடுத்துத் துதிக்கையால் ஆசி வாங்காமல் வரமாட்டான். 2024 செப்டம்பரில் கொட்டகையில் தீப்பிடித்து அது செத்துப்போனபோது எங்கள் சுற்றுவட்டாரமே அழுதது. அப்போது தம்பி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எது சொன்னாலும் அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது. சொன்னோம், ஏறவில்லை.

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவன் அப்பா தடுத்தார். தோளில் கை போட்டுக்கொண்டு, “ஆனை சாமிகிட்ட போயிருச்சுப்பா. தீயில மாட்டிக்கிச்சு” என்றார்.

தம்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் உதடு கோணியது. அழுதான். விபத்துக்குப் பிறகு என் பிள்ளை அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமாக, மூக்கு ஒழுக, ஐந்து வயதில் அழுத அதே அழுகை. முருகா, பிள்ளை அழுவதைப் பார்த்து ஒரு தாய் உனக்கு நன்றி சொன்னது உண்டா, நான் சொன்னேன். நடுத்தெருவில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அவன் தங்கை ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு காரைக்குடி வரும்வரை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.