பால்மரம் நின்ற இடத்தில் பழமரம்: சுங்கை சிப்புட்டில் ஒரு நாள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து பழைய சாலையில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் சுங்கை சிப்புட். அதற்கடுத்த பெரிய ஊர் கோலகங்சார். 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பதை நட்ட இடம் அது. அவற்றில் ஒரு மரம் இன்னும் உயிரோடு நிற்கிறது. ரப்பரின் கதை தொடங்கிய வட்டாரத்திலேயே, பால்மரத்தை எடுத்துவிட்டுப் பழமரம் வைத்த ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. நான்காவது தலைமுறை இப்போது பொறுப்பில் இருக்கிறது. பழம் காய்க்கும் மாதங்களில் வெளியாரை உள்ளே விடுகிறார்கள். நாமே பறிக்கலாம், அங்கேயே சாப்பிடலாம், மிச்சத்தை எடை போட்டு வாங்கிக்கொண்டும் வரலாம். அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

இந்த நிலம் அவர்கள் கைக்கு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் எஸ்டேட்டுகளை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலை போனது மட்டுமல்ல, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம் என்பதால் தலைக்கு மேல் இருந்த கூரையும் போனது. தோட்டத் துண்டாடல் என்று சொன்னாலே நம் பெரியவர்கள் முகம் மாறுவது இதனால்தான். சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தச் சமயத்தில்தான். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (டாலர்) சேர்த்த பணத்தில் அந்தச் சங்கம் எஸ்டேட்டுகளை வாங்கியது.

இந்தக் குடும்பத்தின் கொள்ளுத்தாத்தா வேறு வழியில் போனார். மனைவியின் நகைகளை விற்று, தான் பால் எடுக்க மரம் சீவிய எஸ்டேட்டிலேயே நாலு ஏக்கர் சொச்சத்தை வாங்கிப்போட்டார். அன்று அப்படிச் செய்ய முடிந்தவர்கள் மிகக் குறைவு. செய்தவர்களிலும் பலர் பிறகு விற்றுவிட்டார்கள். எங்களைச் சுற்றிக் காட்டிய அந்தக் குடும்பத்து அண்ணன் இதைச் சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. இருக்க வேண்டிய பெருமைதான்.

ரப்பர் மரங்களுக்கு வயதாகிப் பால் குறைந்தபோது, மறுநடவுக்குப் பதிலாகப் பழமரம் வைப்போம் என்று முடிவெடுத்தவர் அண்ணனின் தாயார். அங்கே எல்லோருக்கும் அவர் பாட்டி. ரப்பர் மாதாமாதம் காசு கொடுக்கும். கொட்டையிலிருந்து வளரும் டுரியானும் மங்குஸ்தீனும் காய்க்க எட்டு, பத்து வருடம் ஆகும். அதுவரை என்ன செய்வது? கன்றுகளுக்கு நடுவே வாழையும் மரவள்ளியும் போட்டார். விடியற்காலையில் பக்கத்து எஸ்டேட்டில் மரம் சீவிவிட்டு, மத்தியானம் சொந்த நிலத்தில் கொத்தினார். மழை பெய்தால் சீவ முடியாது, அன்று சம்பளமும் கிடையாது. “மழை நாள்தான் நம்ம நெலத்துக்கு வேலை நாள்” என்றார் பாட்டி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இரவில் விழுந்த டுரியானைப் பொறுக்குவதுதான் முதல் வேலை. ஆளுக்கொரு பாதுகாப்புத் தொப்பி கொடுத்தார்கள். என் மகன் கழற்றப் பார்த்தான். “தொப்பியக் கழட்டாத தம்பி, பழம் சொல்லிட்டு விழாது” என்றார் அண்ணன். அங்கே நிற்பவை ஒட்டு மரங்கள் அல்ல, கொட்டை போட்டு வளர்த்த நெடுமரங்கள். அந்த உயரத்திலிருந்து விழும் முள்ளுப் பழத்தின் சத்தத்தைக் கேட்டபிறகு மகன் தொப்பியைத் தொடவே இல்லை.

சந்தையில் இப்போது எல்லோரும் கேட்பது 1993இல் டி197 என்று பதிவான மூசாங் கிங் ரகத்தைத்தான். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இங்கே வந்து அதைத் தேடாதீர்கள். எண் இல்லாத கம்பத்து (கிராமத்து) டுரியானில் மரத்துக்கு மரம் சுவை வேறு. ஒன்று இனிப்போடு லேசாகக் கசக்கும், இன்னொன்றின் சதை மெல்லியதாக இருந்தாலும் பாலாடை போல நாக்கில் கரையும். குடும்பத்தார் ஒவ்வொரு மரத்தையும் நட்டவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அண்ணனின் மகள் வேளாண்மை படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். டுரியான் பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும் என்றும், அந்த ஓர் இரவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் தேன் குடிக்கும் வௌவால்களே என்றும் அவர் விளக்கினார். தூரத்தில் தெரிந்த சுண்ணாம்புக் குன்றுகளைக் காட்டி, அந்த மாதிரிக் குகைகளில் அடையும் வௌவால்கள்தான் பல கிலோமீட்டர் பறந்து வருகின்றன என்றார். பூ விடுவதற்கு முன் ஓரிரு வாரம் வெயில் காய வேண்டும். பூத்த பிறகு அடைமழை பிடித்தால் பூ கொட்டிப்போகும். மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது, குன்றையும் வௌவாலையும் விட்டுவைக்க வேண்டும் என்பதை என் பிள்ளைகள் அங்கே நின்றே தெரிந்துகொண்டார்கள். எனக்கு இதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

அப்புறம் ரம்புத்தான். தொரட்டிக் கம்பைக் கையில் கொடுத்து, காம்போடு கொஞ்சம் கிளையையும் சேர்த்து ஒடிக்கச் சொன்னார்கள். அதுவே மரத்துக்குக் கவாத்து. ஒடித்த இடத்தில் புதுத் துளிர் வரும். காயாகப் பறித்தால் வீட்டில் பழுக்காது என்பதால் நல்ல சிவப்பாகப் பார்த்துத்தான் ஒடிக்க வேண்டும். முசுறு எறும்பு உண்டு, முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள். மங்குஸ்தீனின் அடியில் இருக்கும் பூப்போன்ற தழும்பில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. என் மகள் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்த பிறகே உடைத்தாள்.

ஏன் தோட்டத்தைத் திறந்துவிட்டார்கள் என்று கேட்டேன். ரம்புத்தான் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பழுக்கும், விலை சரியும். மொத்த வியாபாரி கொடுக்கும் காசு பறிக்கும் ஆளின் கூலிக்கே சரியாகிவிடும், ஆளும் கிடைப்பதில்லை. சில வருடம் பழம் மரத்திலேயே அழுகியிருக்கிறது. வருகிறவர்களே பறித்தால் கூலிச் செலவும் மிச்சம், விலையும் நியாயமாகக் கிடைக்கும். இது அண்ணனின் மகளுடைய யோசனை. பாட்டி மட்டும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம், வீட்டுக்கு வருகிறவர்களிடம் காசு வாங்குவதா என்று. இப்போதும் எடை போட்டு முடித்தபிறகு அவர் கையால் ஒரு கொத்து கூடுதலாக வைக்கிறார்.

வேலியோரத்தில் ஒரு வரிசை பால்மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பாட்டி கத்தியை எடுத்து ஒரு கோடு சீவிக் காட்டினார். பட்டையின் கனம் அவர் கைக்கு இன்னும் தெரிகிறது, பட்டைக்கு உள்ளே மரத்தில் ஒரு காயமும் படவில்லை. பால் சொட்டி மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழுந்தது. அம்மா பாகான் செராய்ப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். “எந்த எஸ்டேட்டும்மா நீங்க?” என்று பாட்டி கேட்டதுதான், இருவரும் பெரட்டு, நிரை, ஒட்டுப்பால், தண்டல் என்று பழைய தோட்ட வார்த்தைகளில் பேச உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா இத்தனை பேசி நான் கேட்டதில்லை. சம்பள நாளில் தன் அம்மாவோடு டவுனுக்கு நடந்துபோன கதை எனக்கே புதிது.

மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. மீன் குழம்பில் புளிக்குப் பதில் தெம்போயாக், அதாவது உப்புப் போட்டுப் புளிக்கவைத்த டுரியான் சதை. பக்கத்து மலாய்க்கார அம்மாவிடம் பாட்டி கற்றுக்கொண்டதாம். கருவேப்பிலையும் வெந்தயமும் தாளித்துவிட்டார், அதனால் அது நம் குழம்பாகவும் இருந்தது, பேராக் குழம்பாகவும் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் டுரியான் தோலில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள், சூடு தணியட்டும் என்று.

பெரும்பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் வெயிலும் மழையும் தள்ளிப்போனால் பருவமும் தள்ளிப்போகும், ஆகவே கிளம்புமுன் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். வார நாளில் போவது நல்லது. வார இறுதியில் கூட்டம் சேர்ந்தால் பாட்டியோடு பேச முடியாது. இடிஎஸ் மின்சார ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கும். ரம்புத்தானையும் மங்குஸ்தீனையும் கூடையில் கட்டி எடுத்துவரலாம். டுரியானை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள், அதை மரத்தடியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.