64-இலிருந்து 69-க்கு

அப்போது அமெச்சூர் குத்துச்சண்டையில் ஆண்களுக்கு 60, 64, 69, 75 கிலோ என்று எடைப்பிரிவுகள் இருந்தன. என் உடம்பு தானாக நிற்கும் இடம் 68 கிலோ. நான் விளையாடியது 64-இல். அந்த நாலு கிலோவைக் கரைக்க, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் ஓடுவேன். தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பெரும்பாலும் போட்டிக்கு முதல் நாளே எடை பார்த்துவிடுவார்கள். பிறகு தின்று குடித்துத் தேறிக்கொள்ளலாம். அமெச்சூர்களான எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. போட்டி இருக்கும் ஒவ்வொரு நாள் காலையும் தராசில் ஏற வேண்டும். அரையிறுதி வரை போனால் நாலு நாள் நாக்கு வறண்டபடியே கிடக்க வேண்டும். கடைசியில் ஒருமுறை இரண்டாவது ரவுண்டிலேயே கால் இரண்டும் கல்லாகிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது அம்மம்மா கேட்டா: "வாங்கிற குத்தை வெறும் வயித்தோட ஏனடா வாங்குறாய்?"

அதற்கு மேல் யாரும் எனக்கு ஒன்றும் விளக்கத் தேவை இருக்கவில்லை.

சரி, மேலே 69-க்குப் போவதென்றால் தின்றால் போதும் என்று நினைத்தேன். ஒரு மாதம் இரவில் கொத்துரொட்டி, காலையில் முட்டைக்கோப்பி, இடையில் கிடைத்ததெல்லாம். 71 வந்துவிட்டது. கோச் என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்து, "இது குத்துமோடா?" என்றார். மறுபடி 68-க்கு இறங்கி, அங்கிருந்து ஒழுங்காகத் தொடங்கினோம். பாரம் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது, முட்டை, மீன், அவித்த பயறு. ஐந்து மாதம் போனது. தராசு பெரிதாக அசையவில்லை. காற்சட்டைதான் இடுப்பில் தளர்ந்து தொடையில் இறுகியது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது கையுறை விஷயம். அப்போது 64 வரை 10 அவுன்ஸ், 69-இலிருந்து 12. இரண்டு அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய ஒரு கோழி முட்டையின் நிறை. இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்ட் அந்த முட்டையை முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். 69-இல் விளையாடிய போட்டியில், மூன்றாவது ரவுண்டில் என் இடது கை தானாக நாடிக்குக் கீழே இறங்கியது. எதிராளி அதற்காகவே காத்திருந்தான். 73, 74-இலிருந்து வற்றி வந்த உடம்பு அவனுடையது. 64-இல் ஆட்களைப் பின்வாங்க வைத்த என் வலதுகைக் குத்துக்கு அவன் கண்ணை மட்டும் ஒருமுறை சிமிட்டினான். கட்டிப்பிடித்தபோது நெல்லு மூட்டை ஒன்று மேலே சாய்ந்த மாதிரி இருந்தது. புள்ளிகளில் தோற்றேன்.

அப்புறம் பயிற்சி முழுக்க 16 அவுன்ஸ் கையுறையில்தான். நின்று அடிபடாமல், ஜாப் (முன்கையால் சட்டென்று விடும் நேர்க்குத்து) போட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலகப் பழகினேன். பாரம் கூடினால் நின்று அடிக்கலாம் என்று நினைத்திருந்த எனக்கு, முன்பைவிடக் கூட ஓட வேண்டி வந்தது வேடிக்கைதான்.

அடுத்த போட்டியில் காலை நிறுவைக்கு வரிசையில் நின்றேன். 68.4. முன்னால் 64-இல் விளையாடும் பெடியன் ஒருவன், உதடு வெடித்து, எடை குறைக்கக் குவளைக்குள் எச்சில் துப்பிக்கொண்டு நின்றான். "அண்ணை, வாய் கொப்பளிக்க மட்டும் கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றான். போத்தலைக் கொடுத்துவிட்டு, பாதி தின்ற இதரை வாழைப்பழத்தைப் பைக்குள் ஒளித்துவைத்தேன்.