இலை நம்ம ஊரு, சட்டம் அவங்க ஊரு

நிலாவாரை இலையை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் கேட்டிருந்தார். தாராளமா அனுப்பலாம். ‘தின்னவேலி சென்னா’ என்றே உலகச் சந்தையில் பெயர் வாங்கிய சரக்கு. மலச்சிக்கல் மருந்துக்கு ஐரோப்பாவில் வாங்குகிறார்கள். ஆள் பிடிப்பதைவிட அந்த நாட்டுச் சட்டத்தில் தேறுவதுதான் பெரும்பாடு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு குறிக்காத பூச்சிமருந்து என்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் பொது வரம்பு. பக்கத்துக் காட்டில் பருத்திக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து விழுந்தாலே மாட்டிக்கொள்ளலாம். களத்திலேயே மாதிரி எடுத்துச் சோதித்துவிடுங்கள். கன்டெய்னர் ஏறிய பிறகு அழுது பிரயோஜனம் இல்லை.

எல்.சி. கூத்து தனி. காகிதம் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குகிறவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்தான் எல்.சி. வங்கி மூட்டையைப் பிரித்தே பார்க்காது, காகிதத்தை மட்டும்தான் பார்க்கும். எல்.சி.யில் ஒரு மாதிரி, இன்வாய்ஸில் வேறு மாதிரி சரக்கு விவரம் இருந்தால், இலை தங்கமாகவே இருந்தாலும் பணம் நிற்கும். எங்கள் ஆபீஸில் ஒரு அக்கா ஸ்கேலை வைத்து வரிவரியாகப் படிப்பார். அவர் தலையாட்டாமல் ஒரு தாள் வெளியே போகாது.

அப்புறம், புதுசாக இறங்குகிறவர்கள் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றே விலை சொல்லுங்கள்; தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றுவது வரைதான் நம்ம செலவு. 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல் தொடங்கியதும் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின, வாடகை எகிறியது. கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்து விலை சொல்கிற சி.ஐ.எஃப். பேசியிருந்தால் அந்தச் சுமை விற்றவர் தலையில்தான்.

ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு எண் இல்லாமல் எதுவும் நகராது அண்ணாச்சி. ஆன்லைனிலேயே எடுக்கலாம், கட்டணம் 500 ரூபாய்.