இனமும் இளஞ்சிறார் நீதியும்: ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

அமெரிக்காவில் குற்றவியல் முனைவர் பட்டத்துக்கு வந்த முதல் வருடம், இளஞ்சிறார் நீதிமுறையில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏன் பாரபட்சம் என்று ஒரு பெரிய தலைப்போடு நெறியாளரிடம் போனேன். படித்துவிட்டு "எந்த இடத்தில்?" என்று மட்டும் கேட்டார். நான் மாநிலத்தின் பெயரைச் சொன்னேன்! அவர் கேட்டது அது இல்லை. கைதிலா, விசாரணை வரை காவலில் வைப்பதிலா, வழக்குப் போடுவதிலா, பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றுவதிலா? ஒவ்வொரு படியிலும் முடிவெடுக்கும் ஆள் வேறு, அதனால் காரணமும் வேறு. இது உறைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது, உங்களுக்கு ஆகவேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கைதான 100 கறுப்பினச் சிறுவர்களில் 40 பேரையும், 100 வெள்ளையினச் சிறுவர்களில் 20 பேரையும் காவலில் வைத்தால் விகிதம் 2. சரி, ஆனால் கைதிலேயே பாரபட்சம் இருந்தால் அது இந்த 2க்குள் தெரியாது, ஏனென்றால் கைதான பிறகுதான் எண்ணவே தொடங்கியிருக்கிறோம். நேர்காணலில் என்னை இதில்தான் மடக்கினார்கள்.

அப்புறம், சட்ட வரலாற்றைத் தள்ளிவிடாதீர்கள். 1899இல் சிகாகோவில் தொடங்கிய முதல் இளஞ்சிறார் நீதிமன்றம், தண்டிப்பதற்கு இல்லை, தகப்பனைப் போல் திருத்துவதற்கு என்று சொல்லிக்கொண்டது. அந்தக் கரிசனம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்க்க கால்ட் வழக்கைப் படியுங்கள். அரிசோனாவில் 15 வயதுப் பையன் ஆபாசமாகப் போன் பேசினான் என்று புகார். பெரியவராக இருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. இவனுக்கோ 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி, அதுவும் வக்கீல் இல்லாமல். 1967இல்தான் உச்சநீதிமன்றம் வக்கீல் உரிமையைக் கொடுத்தது. வழக்கில் இனப் பிரச்சினை எதுவும் இல்லை, ஆனாலும் அதிகாரிகள் கையில் எவ்வளவு அதிகாரத்தை விட்டுவைத்திருந்தார்கள் என்பது தெரியும். பாரபட்சம் நுழைவதும் அந்தச் சந்தில்தான்.

அதை நேரில் பார்க்க, சிறுவனைப் பற்றி நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் நன்னடத்தை அலுவலர்களின் அறிக்கைகளைப் படிக்கவேண்டும். பிரிட்ஜஸ், ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் காட்டியது இதுதான்: கறுப்பினச் சிறுவன் செய்த குற்றத்துக்கு அவன் குணமே காரணம் என்று எழுதுகிறார்கள், வெள்ளையினச் சிறுவன் என்றால் சூழ்நிலை. நானும் கோப்புகளைப் புரட்டியபோது, "நிமிர்ந்து பார்க்கவில்லை" என்பது ஒரு கோப்பில் கூச்சமாகவும் இன்னொன்றில் திமிராகவும் எழுதப்பட்டிருந்தது. எண்களில் மட்டும் உட்கார்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

கோப்பு கைக்கு வருவது லேசில்லை. சிறார், அதிலும் காவலில் இருப்பவர்கள் என்றால், பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழு இரட்டிப்பாகத் துருவும். எனக்கு ஏழு மாதம் போனது, முதல் விண்ணப்பம் அப்படியே திரும்பியது. அதனால் ஆய்வுக் கேள்வி முழுசாக முடிவாகாவிட்டாலும் அந்தப் படிவத்தை எடுத்து வைத்து எழுதத் தொடங்கிவிடுங்கள். காத்திருக்கும் நாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் தரவுக் காப்பகத்தில் உள்ளதை வைத்து ஒரு கட்டுரையாவது முடித்துவிடலாம், நான் செய்யவில்லை.