அது யாருடைய எட்டு மணி?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதும் எங்கள் ஆட்கள் ஒரு விஷயத்தைத் தவறாமல் எழுதிவிடுவார்கள். "எங்கட காலத்தில எட்டு மணிக்குக் கேற் பூட்டினால் பூட்டினதுதான், அதிபற்றை மகனெண்டாலும் வெளியிலதான்." பொய்யில்லை, நானும் பார்த்ததுதான். ஆனால் 1989 இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து 1997 இல் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வெளியேறிய எங்கள் தொகுதி ஆட்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். எட்டு மணி சரி, அது யாருடைய எட்டு மணி?

கேள்வி பகிடிக்கு இல்லை. 1990 ஆனியில் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பவும் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் பற்றறியும் அகப்பட்டதால் சுவர் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் கந்தோர் மணிக்கூடும் ஒருநாள் நின்றது, நின்றதை யாரும் கழற்றவில்லை, வருசக் கணக்கில் அது நாலே காலையே காட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்துதான் அதிபர் எங்களுக்கு நேர ஒழுங்கைப் பற்றிச் சொல்லுவார். சிரிக்க ஏலாது, சிரித்தால் அதற்கும் அடி.

ஆகவே பள்ளிக்கூடத்தின் நேரம் பியூன் அண்ணையின் கையில் கட்டியிருந்த, சாவி கொடுக்கிற பழைய மணிக்கூட்டில் இருந்தது. அவர் அதை வைக்கும் விதம் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவர் வீடு எங்கள் ஒழுங்கையில்தான். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து இரண்டு வயர் போய் றேடியோவில் ஏற, ஒழுங்கைச் சனம் சுற்றி இருந்து பிபிசி தமிழோசை கேட்கும். தமிழோசை தொடங்கினால் 9.15. எல்லோரும் செய்திக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கைவிளக்கு வெளிச்சத்தில் மணிக்கூட்டைத் திருகிக்கொண்டிருப்பார். சுற்றுகிறவன் களைத்துச் சுற்று குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் இழுபடும். அப்போதும் இவர் தலை நிமிராது. அடுத்த நாள் காலையில் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் அவர் அடிக்கிற அடி, லண்டனில் இருந்து வந்த நேரம்!

சந்தேகம் வந்தால் சரிபார்க்க நல்லூர் இருந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் கோயில் மணி கேட்கும். நல்லூரில் பூசை பிந்தியது என்று யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள், தேருக்கு எவ்வளவு சனம் நின்றாலும் சொன்ன நேரத்துக்குச் சாமி வெளியில் வந்துவிடும். எங்கள் ஊரில் நேரத்துக்கு நடக்கிற காரியம் எது என்று கேட்டால் இன்றைக்கும் நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். மாணவருக்குக் கேற், ஆசிரியருக்குக் கோடு. எட்டு மணிக்கு உப அதிபர் ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு கீறுவார். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவர் நேரத்துக்கு வந்தவர், கீழே வைத்தவர் பிந்தி வந்தவர். கோட்டுக்குக் கீழே அடிக்கடி பெயர் வந்தால் லீவில் கழியும் என்று பேச்சு. கழிந்ததோ இல்லையோ, நாற்பது வயது மனிதர்கள் அந்தக் கோட்டுக்குப் பயந்து சாரி நுனியையும் வேட்டி நுனியையும் பிடித்துக்கொண்டு ஓடி வருவதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. இலங்கை முழுவதும் அரச கந்தோர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இருந்த வழக்கம்தான் அது. ஆனால் எங்கள் உப அதிபர் அடிமட்டம் வைத்துக் கீறுவார்.

கேற்றில் மாணவ முதல்வர்கள் நிற்பார்கள். முதல் மணிக்கு வரிசை, இரண்டாம் மணிக்குத் தேவாரம். தேவாரம் தொடங்கினால் யார் எங்கே நிற்கிறாரோ அங்கேயே நிற்கவேண்டும். கேற்றுக்கு வெளியே றோட்டில் வந்துகொண்டிருப்பவனும் சைக்கிளால் இறங்கிக் கான்கரையில் நிற்பான், அப்படி நிற்காமல் ஓடி வந்தவனுக்குப் பிந்தியதற்கு ஒன்று, ஓடியதற்கு ஒன்று என்று இரண்டு தண்டனை. பிறகு பெயர் பதிவார்கள். பிறகு குப்பை பொறுக்கல் அல்லது பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றல். எங்கள் கல்லூரி முற்றத்துக் குரோட்டன்கள் அவ்வளவு செழிப்பாக இருந்ததற்குக் காரணம் விவசாய பாடம் என்று பரிசளிப்பு விழா அறிக்கையில் வாசித்தார்கள்.

யார் பிந்தி வந்தார்கள் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மதிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் கடைசியாக வருவான். மணி அடிக்கிற சத்தத்துக்குத்தான் அவன் புட்டுக்கோப்பையைக் கீழே வைப்பான். அச்சுவேலியில் இருந்து சைக்கிளில் வந்த தமிழ் ரீச்சர், மைல் கணக்கில் தூரம், எதிர்காற்றிலும் மழையிலும் ஏழரைக்கே வந்து, ஈரச் சீலையின் கரையைப் பிழிந்துவிட்டு, இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார். பெற்றோல் இல்லாத காலம், மோட்டார் சைக்கிளுக்கு ஊசியால் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய காலம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த சேர்மார்தான் அதிகம் பிந்தியவர்கள், ஸ்ராட் எடுக்காத சைக்கிளை உதைத்து உதைத்து வியர்த்து வருவார்கள். ரீச்சருக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

இனி ரியூட்டரி, அதாவது காசுக்குப் படிப்பிக்கிற தனியார் வகுப்பு. இதை எழுதினால் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். ஏ.எல். வகுப்புக்கு வந்ததும் எங்களுக்கு உண்மையான பள்ளிக்கூடம் காலை ஐந்தரைக்குத் தொடங்கும், கிடுகு வேய்ந்த கொட்டகையில், வாங்குக்கு எட்டுப் பேராக. அங்கே படிப்பித்தவர்களில் சிலர் எங்கள் கல்லூரி ஆசிரியர்களேதான். அவர்கள் ரியூட்டரிக்கு ஒருநாளும் பிந்தியதை நான் காணவில்லை!

அப்படி ஒரு காலை. பௌதிகவியல் வகுப்பு, ஏழரைக்கு முடியவேண்டியது, சேர் ஒரு கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு ஏழே முக்காலும் தாண்டிவிட்டது. முடிந்ததும் எல்லோரும் ஒரே ஓட்டம். முன்னால் சேரின் சைக்கிள், பின்னால் எங்களுடைய இருபது சைக்கிள், சந்தியில் சேர் கை காட்டித் திரும்ப நாங்களும் திரும்ப, பார்த்தவர்கள் ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். கேற்றுக்கு வரும்போது தேவாரம். சேரும் இறங்கி நின்றார், நாங்களும் நின்றோம். தேவாரம் முடிந்ததும் கேற் திறந்து சேரை உள்ளே விட்டார்கள், எங்களை மறித்தார்கள். அவர் போய் முதலாம் பாடத்துக்கு வகுப்புக்குள் நுழைந்தால் முன்வாங்கில் நாலு பேர் மட்டும் இருக்கிறார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்க அவருக்கு வாய் வருமா? திரும்பி நடந்து கேற்றடிக்கு வந்து உப அதிபரிடம் மெல்லச் சொன்னார்:

"உவங்கள் என்னோடைதான் வந்தவங்கள் சேர். விடுங்கோவன்."

உப அதிபர் அவரையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். "அப்ப சரி மாஸ்டர். அவங்கள் முதலாம் பாடம் முடியுமட்டும் குப்பை பொறுக்கட்டும். நீங்கள் போய்க் கோட்டுக்குக் கீழ சைன் வையுங்கோ, ஆளுக்கொரு சட்டம் இல்லை."

சேர் வைத்தார். அதற்குப் பிறகு அந்த ரியூட்டரி வகுப்பு ஏழு இருபதுக்கே முடிந்துவிடும், கணக்குப் பாதியில் நின்றாலும்.

1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு, ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமமே நடந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போனது. அதை இங்கே எழுதப் போவதில்லை, அதற்கு வேறு கட்டுரை வேண்டும். இந்த விஷயத்துக்குத் தேவையானது ஒன்றுதான்: சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எங்களுக்கு மாலை நேரம் கிடைத்தது, காலையில் அவர்கள், பின்னேரம் நாங்கள். கல்லூரியின் தளபாடங்களில் பாதி வரவில்லை, ஆய்வுகூடம் வரவில்லை. ஆசிரியர் வரவுப் பதிவேடு வந்தது, அடிமட்டமும் வந்தது. உப அதிபர் அங்கேயும் கோடு கீறினார், மரத்துக்குக் கீழே ஒரு மேசை போட்டு. ஒரு குடும்பம் முழுவதும் ஒரு சீற்றுக் கூரைக்குக் கீழே கிடந்துவிட்டு வருகிற மனிதரைக் கோட்டுக்குக் கீழே தள்ளுவது சரியா என்று அப்போது எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. ஆனால் அன்றைக்கு என்னோடு எதிர்த்து வாதாடியவன், "அவரும் இல்லையெண்டால் நாங்கள் அகதி முகாம், அந்தக் கோடு இருக்கிறதாலதான் பள்ளிக்கூடம்" என்றான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம், யாழ்ப்பாணம் அப்போது ஆமியின் கையில். வந்து சில கிழமைகளில், வைகாசி 25 ஆம் திகதி, அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. மழை இல்லை, நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் இல்லை, வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கவேண்டும் என்றார்கள். கரண்டே இல்லாத எங்களுக்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! ஐப்பசி 26 இல் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரை வரை அப்படியே இருந்தது. வீட்டில் அம்மம்மா கடைசிவரை மாறவில்லை, கலியாண வீட்டுக்குச் சொல்ல வருபவர்களையும் "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்டுத்தான் விடுவார். தை மாதம் புது நேரத்தில் ஏழு மணிக்குத்தான் பொழுது விடியும், அதற்கு முதலே இருட்டுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளிக்கிட வேண்டும். தமிழோசையும் 9.15 ஐ விட்டு 10.15 ஆகி, பிறகு 9.45 ஆனது.

அந்தக் காலத்தில் பிந்துவதற்குப் புதிய காரணங்கள் வந்தன. சென்றியில் (ஆமியின் சோதனைச் சாவடியில்) சைக்கிளால் இறங்கி, உருட்டி, அடையாள அட்டையைக் காட்டி, புத்தகப் பையைத் திறந்து காட்டி, சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து காட்டிப் போகவேண்டும். இது போதாதென்று கொன்வோய். ஆமி வாகனத் தொடர் போகுமட்டும் றோட்டை மறித்துவிடுவார்கள், அரை மணித்தியாலமோ ஒன்றரை மணித்தியாலமோ, ஒருவரும் அசைய ஏலாது.

ஒருநாள் கொன்வோயில் உப அதிபரே மாட்டிக்கொண்டார். கோடு கீற ஆள் இல்லை. வந்த ஆசிரியர்கள் எல்லோரும், எட்டரைக்கு வந்தவரும் ஒன்பதுக்கு வந்தவரும், நிம்மதியாக 7.55, 7.58 என்று போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். ஒன்பதரைக்கு இவர் வந்து பதிவேட்டை எடுத்தார், ஒரு பக்கம் முழுவதையும் ஆறுதலாக வாசித்தார், அடிமட்டத்தை எடுத்தார், பக்கத்தின் உச்சியில், முதல் பெயருக்கும் மேலே, ஒரு சிவப்புக் கோடு கீறினார். பிறகு எல்லோருக்கும் கடைசியில் தன்னுடைய பெயரை எழுதி 9.30 என்று போட்டார். கந்தோரில் வேலை செய்த அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அன்றைக்குக் கேற்றில் ஒருவர் பெயரும் பதியவில்லை.

வன்னிக்குப் போன எங்கள் வகுப்புத் தோழர்களுக்கு இந்த மாற்றம் எதுவும் இல்லை, புலிகளின் பகுதியில் பழைய நேரமே இருந்தது. 2003 இல் ஏ9 வழியாகப் போனபோது ஓமந்தை தாண்டிப் புலிகளின் பகுதிக்குள் அரை மணித்தியாலம் பின்னுக்கு, முகமாலை தாண்டி யாழ்ப்பாணப் பக்கம் திரும்பவும் முன்னுக்கு என்று மணிக்கூட்டைத் திருகினேன். கிளிநொச்சியில் ஆசிரியராக இருந்த கூட்டாளி ஒருவன் சொன்னான், வவுனியாவில் பத்து மணிக்குக் கூட்டம் என்று கடிதம் வந்தால் அவனுக்கு அது ஒன்பதரை, மறந்து போனால் பாதிக் கூட்டம் முடிந்திருக்கும். "பிந்தினதுக்கு என்ன காரணம் சொல்லுவாய்?" என்று கேட்டேன். "நான் பிந்தேல்லை, அவை முந்திட்டினம்" என்றான். மதிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், வேறு என்ன சொல்லுவான்?

இங்கே ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் வேலைக்கு ஒரு நிமிசம் பிந்துவதில்லை, பனிக்கொட்டலிலும் பஸ் பிடித்து விடியப்புறச் சிப்டுக்கு நேரத்துக்கு நிற்பார்கள். அதே ஆட்களுக்குச் சங்க ஒன்றுகூடல் "சரியாக மாலை 5 மணி" என்று அழைப்பிதழ் அடித்தால் மங்கல விளக்கு ஏழுக்கு ஏறும். தலைவர் ஒவ்வொரு வருசமும் மேடையில் கவலைப்படுகிறார். கேற்றைப் பூட்டுவோம் என்று ஒருவர் போன பொதுக்கூட்டத்தில் சொன்னார், மண்டபக்காரன் பூட்ட விடமாட்டான் என்று இன்னொருவர் சொன்னார், அதிலேயே அரை மணித்தியாலம் போனது. என்னுடைய யோசனை சின்னது: இந்தமுறை கொத்துரொட்டியைக் கடைசியில் வையாமல் ஐந்து மணிக்கே கொடுத்து ஐந்தரைக்கு மூடிவிடுங்கள். முதல் ஆளாக வந்து லைனில் நிற்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும், அவருக்குச் சம்பல் கொஞ்சம் கூட வையுங்கள்.