1914 இரும்புச் சிலுவை: கையில் எடுத்ததும் என்ன பார்க்க வேண்டும், எப்படிக் குறித்து வைக்க வேண்டும்

பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்களைச் சேர்ப்பவருக்கு நம் கொங்கு நாட்டைப் போல வசதியான இடம் குறைவு. கோவையில் ஃபவுண்டரியும் லேத் பட்டறையும், சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையும், திருப்பூரில் நூல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு பதக்கம் நிஜமா போலியா என்பதைச் சொல்லும் மூன்று சங்கதிகள் வார்ப்பு, வெள்ளி, ரிப்பன். மூன்றுக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் பக்கத்திலேயே உண்டு.

முதலில் வாங்கத் தோதானது 1914-ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை. முதல் உலகப் போரில் சுமார் 50 லட்சம் வழங்கப்பட்டதால் நல்ல உருப்படி இன்னும் கிடைக்கிறது. அதனாலேயே போலியும் ஏராளம்.

அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் 1813 மார்ச் மாதம் இதை நிறுவினார். பிறகு 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. 1914 சிலுவையின் முன்பக்கத்தில் மேலே கிரீடம், நடுவில் வில்லியம் பேரரசரைக் குறிக்கும் 'டபிள்யூ', கீழே 1914. பின்பக்கத்தில் கிரீடம், ஓக் இலைகள், 'எஃப்.டபிள்யூ' எழுத்துகள், 1813. பின்பக்க 1813-ஐ மட்டும் பார்த்துவிட்டு "நெப்போலியன் காலத்துச் சாமானுங்க" என்று விலை சொல்பவர்கள் உண்டு. அந்த ஆண்டு பின்னால் வந்த சிலுவைகளிலும் இருக்கும். 1939 சிலுவையின் நடுவில் ஸ்வஸ்திகா இருக்கும். 1957-இல் மேற்கு ஜெர்மனி ஸ்வஸ்திகா இல்லாமல் அணிய அனுமதித்தபோது அந்த இடத்தில் ஓக் இலை வந்தது. கீழே 1939 அப்படியே நின்றது. ஆகவே 1939 என்று போட்டிருந்தாலும் போர்க்காலத்தில் செய்தது என்று எழுதிவிடக் கூடாது.

இனி கட்டுமானம். நிஜச் சிலுவை பெரும்பாலும் மூன்று துண்டு: நடுவில் கறுப்புப் பூசிய இரும்புத் தகடு, அதை முன்னும் பின்னும் கவ்வும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள். சட்டங்கள் விளிம்பில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பக்கவாட்டைச் சுற்றிப் பாருங்கள். அந்தப் பற்றுக்கோடு மெல்லிசாகவாவது எங்காவது தெரியும். போலியில் பெரும்பாலும் மொத்தமும் ஒரே வார்ப்பு. சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. மூலைகளில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும். அவை வார்ப்பில் காற்று அடைத்த இடங்கள்.

நிஜத்தை அச்சாக வைத்து வார்த்த நகல் அசலைவிடச் சிறியதாகத்தான் வரும். உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. பித்தளைக்கு நூற்றுக்கு ஒன்றரை வரை போகும். பேட்டர்ன் செய்பவர்கள் இதற்காகவே அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்கிறார்கள். சிலுவையின் அகலம் சுமார் 42 மி.மீ. எனில், நகல் அரை மி.மீ.க்கு மேல் குறையும். வெர்னியர் அளவுகோலில் அது தெளிவாகத் தெரியும். ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அசலிலேயே சிறு வேறுபாடு உண்டு. அதனால் அளவு குறைகிறது என்பதோடு கிரீடத்தின் கூர்மை மழுங்கியிருக்கிறதா, சட்டத்தில் வரிசையாக ஓடும் சிறு மணிகள் (மணிவரிசை) ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றனவா என்பதையும் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

காந்தச் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். காந்தம் நடுத்தகட்டில் ஒட்ட வேண்டும், சட்டத்தில் ஒட்டக் கூடாது. என்றாலும் இரும்பல்லாத தகடு வைத்த அசல்களும் சில உண்டு, இரும்புத் தகடு வைத்த போலிகளும் உண்டு. காந்தம் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

சட்டத்தின் வெள்ளி பெரும்பாலும் 800 (ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி), நம் பட்டறைக் கணக்கில் 80 டச். அதைப் பார்க்க உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள். மணிவரிசையில் விழும் தேய்மானம் திரும்பாது. எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் வைத்தால் கீறல் இல்லாமல் தெரிந்துவிடும். வெள்ளிமுலாம் மட்டும் பூசிய சட்டங்களும், வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வரில் செய்த சட்டங்களும் அந்தக் காலத்திலேயே வந்தவைதான். 80 வரவில்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது.

தொங்கும் வளையத்தில் 'கே.ஓ.', 'எஸ்-டபிள்யூ' போன்ற சிறு முத்திரை இருக்கலாம். எஸ்-டபிள்யூ என்பது பெர்லினின் சி அண்ட் வாக்னர். முத்திரையே இல்லாத அசலும் உண்டு. வளையம் பின்னால் மாற்றப்பட்டிருக்க வாய்ப்புள்ள பாகம் என்பதால், முத்திரையைக் குறிக்கும்போது "வளையத்தில்" என்று சேர்த்தே எழுதுங்கள்.

நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு பேச்சு, "இது எம்டன் கப்பல்காரனோட மெடலுங்க." ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் 1914 செப்டம்பர் 22-இல் சென்னை மீது குண்டு வீசியது வரலாறு. ஆனால் இரண்டாம் வகுப்புச் சிலுவையில் பெற்றவர் பெயரைப் பொறித்துக் கொடுக்கும் வழக்கம் இல்லை. வழங்கல் சான்றிதழோ படைச் சம்பளப் புத்தகமோ கூட வராத வரையில் அந்தக் கதைக்கு ஒரு ரூபாயும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

ரிப்பன்: போர்முனையில் இருந்தவருக்குக் கறுப்பில் வெள்ளைக் கோடுகள், மற்றவருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடுகள். ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஒரே ஒரு இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசம், பொடிச் சாம்பல். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். அப்படியானால் அந்த ரிப்பன் போருக்கு வெகுகாலம் பின்னால் வந்தது. புற ஊதா டார்ச்சில் பளீரென்று நீலமாக மின்னினாலும் சந்தேகம்தான். ஆனால் பழைய ரிப்பனை இந்தக் காலச் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படித்தான் மின்னும். ரிப்பன் புதிது என்பதால் சிலுவை போலி ஆகாது. இரண்டையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும்.

ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "பிரஷ்யா, இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு, 1914. மூன்று துண்டு, காந்தம் பற்றும் நடுத்தகடு. அகலம் 42.1 மி.மீ., எடை ரிப்பன் இல்லாமல் 17.2 கிராம். வளையத்தில் கே.ஓ. முத்திரை. பின்பக்கம் இடது கையில் பூச்சு உதிர்ந்து துரு. சட்டத்தில் இயல்பான கறுப்பு. போர்முனை ரிப்பன், பருத்தி, ஓரம் கிழிசல். சான்றிதழ் இல்லை." அழகு, அபூர்வம் போன்ற சொற்களுக்கு இதில் இடமே இல்லை. கூடவே முன், பின், பக்கவாட்டு, வளையம் என நான்கு படங்கள், ஃபிளாஷ் இல்லாமல், சாய்ந்து விழும் வெளிச்சத்தில்.

இதோடு கலந்து விற்கப்படும் இரண்டைப் பற்றிச் சுருக்கமாக. 1934-இல் நிறுவப்பட்ட உலகப் போர் கௌரவச் சிலுவை, வெண்கல நிறத்தில் இருந்தாலும் இரும்பு, காந்தம் ஒட்டும். வாள் இருந்தால் போர்முனை வீரருக்கு, இல்லாவிட்டால் மற்றவருக்கு, கறுப்பானால் இறந்தவரின் மனைவிக்கோ பெற்றோருக்கோ. 1870–71 போர்ப் பதக்கத்தின் வெண்கல வகை, பிடிபட்ட பிரெஞ்சு பீரங்கி உலோகத்தில் செய்தது. அதைச் சொல்லும் வாசகம் விளிம்பில் இருக்கும். விளிம்பைப் படம் எடுக்காத விற்பனையாளரிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கி வந்ததும் புளி, திருநீறு, சில்வர் டிப் எதையும் தொடாதீர்கள். புளியின் அமிலமும் டிப் திரவமும் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இறங்கித் தங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே துரு. திருநீறு எழுத்தின் கூர்மையைத் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்து வெண்கலத்தில் பச்சை கட்டும். மெல்லிய மைக்ரோகிரிஸ்டலின் மெழுகுப் பூச்சு போதும், அதுவும் ரிப்பனில் படாமல்.

ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று கோவை, பொள்ளாச்சிப் பக்கம் இரும்புக்கு ஆகாது. மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, உள்ளே ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கிறதா என்று சின்ன மீட்டர் வைத்துப் பாருங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அது சிதையும்போது வரும் அமிலம் உலோகத்தைத் தின்னும். ரப்பர் பேண்டும் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். பாலிப்ரொப்பிலீன் உறையும் அமிலமில்லாத காகிதமும் நல்லது. சிலிகா ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு திரும்பப் போடலாம்.